நீலக் கயிறு

12 ஜூன்

வாலுவுக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். பெட்டியும் வந்தது. குடை மட்டும் வழியில் வேறு யாருடனோ போய்விட்டது. போன இடத்தில் நன்றாக இருக்கட்டும்.

ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஊழியர்களுக்கென்று கட்டிய குடியிருப்பு. என் அறை மூன்றாவது மாடியில். கட்டில், மேசை, நாற்காலி, ஒரு ஜன்னல். ஜன்னலைத் திறந்தால் எதிர்ச்சுவரில் இன்னொரு ஜன்னல், எந்நேரமும் மூடியபடி. மருந்தகம் கட்டடத்தின் அடித்தளத்தில் இருக்கிறது. டாக்டர்கள் எழுதி அனுப்பும் சீட்டில் மருந்தோ அளவோ பிசகியிருக்கிறதா என்று பார்ப்பதுதான் நாள் முழுக்க வேலை. "அடுத்தவங்க தப்பைக் கண்டுபிடிக்கச் சம்பளமா? அக்காவுக்கு அது பொழுதுபோக்காச்சே!" என்று நீ சொல்வது இங்கே கேட்கிறது.

போனில் பேசினால் பாதியிலேயே நமக்குள் சண்டை வந்துவிடுகிறது. எழுதும்போதுதான் இரண்டு பேரும் நல்லவர்களாக இருக்கிறோம். எனவே பேசி வைத்தபடி கடிதம். தபால் மெதுவாகத்தான் வரும் போலிருக்கிறது, பரவாயில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். என் நாலு பேரையும் உன்னை நம்பி விட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

பெரியவருக்கு நீ ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. ராஜபனை தன் பழைய மட்டையைத் தானே கழற்றிப் போட்டுவிடும். அவர் கழற்றும்போது நீ அடியில் நிற்காமல் இருந்தால் போதும். கேட் ஓரத்தில் நிற்கும் விசிறிப்பனை வக்கீலுக்கு அந்தக் கறுத்த கோட்டு அழகு. காய்ந்த விசிறிகள் கழுத்தைச் சுற்றித் தொங்குவது அசிங்கமாக இருக்கிறது என்று யாராவது சொன்னால், யாரையும் ஏற்றி வெட்டச் சொல்லிவிடாதே. ஏறுகிறவன் காய்ந்ததோடு பச்சையையும் சேர்த்து மொட்டை அடித்துவிட்டுத்தான் இறங்குவான். பாதி பழுத்த மட்டையைக்கூடத் தொடக்கூடாது. மரம் அதிலிருந்து தன் சத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டிருக்கும். சாப்பிடுகிறவர் முன்னாலிருந்து தட்டைப் பிடுங்கலாமா? சுவரோரம் நிற்கும் கூட்டுக்குடும்பத்துக்கு மட்டும் தண்ணீர் தாராளமாக விடு. ஒரே தூரில் அத்தனை பேர், ஆளாளுக்குத் தாகம், ஆளாளுக்குப் புகார்.

புதுப்பொண்ணுதான் எனக்குக் கவலை. என் ஜன்னலுக்கு நேரே நிற்கிறவள். புகுந்த வீட்டிலிருந்து ஒரே பெட்டியோடு நான் திரும்பி வந்த வருஷம், "பின்னறை உனக்கு, அதுக்கு முன்னால இருக்கிற மண்ணும் உனக்கு" என்று அப்பா சொன்னார் அல்லவா? அன்று விதை போட்டவள் அவள். முளைக்கவே எத்தனை மாதம் எடுத்துக்கொண்டாள்! வருஷத்துக்கு ஒன்றோ இரண்டோ இலைதான் விடுவாள். ஆனால் புது இலை விடும்போதெல்லாம் அப்படிச் சிவந்துபோவாள், பெண் பார்க்க வந்தது போல. மத்தியான வெயில் அவளுக்கு ஆகாது. நிழலுக்கு நான் கட்டியிருக்கும் தட்டியை எடுத்துவிடாதே.

மாப்பிள்ளையிடம் விசாரித்ததாகச் சொல். ஒரு வருஷம்தானே, கண்ணை மூடித் திறப்பதற்குள் வந்துவிடுவேன்.

உன் அக்கா


2 ஜூலை

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தில் எனக்கு மூன்று வரி, மரத்துக்கு மூன்று பக்கம். இருந்தாலும் படித்துச் சிரித்தேன்.

நாலு பேரும் சௌக்கியம். காலையில் குழாயைப் போட்டுவிட்டுத்தான் டீயே வைக்கிறேன். நேற்று நான் தண்ணீர் விட்டுக்கொண்டிருக்கும்போது இவர் வாசலில் நின்று, "மரம் வச்சவன் தண்ணி ஊத்துவான்னு சொல்லுவாங்க. இங்க வச்சவங்க விமானத்துல போயிட்டாங்க, ஊத்துறது யாருன்னு பாரு" என்றார். "நீங்க ஊத்த வேணாம், அந்தக் குழாய்ச் சிக்கலையாவது எடுத்து விடுங்க" என்றேன். எடுத்துவிட்டார், பாவம்.

அவருக்குத்தான் இப்போது மனசு சரியில்லை. பட்டறையைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். கட்டடத்தை இடித்துப் பெரிதாகக் கட்டப்போகிறார்களாம். இத்தனை வருஷமாக ஃப்ரிட்ஜ் ரிப்பேர் என்றால் அந்தத் தெருமுனைதான் என்று ஜனங்களுக்குப் பழகியிருந்தது. இடம் தேடி தினமும் அலைகிறார். கிடைக்கிற இடமெல்லாம் ஊருக்கு வெளியே இருக்கிறது. "ரிப்பேருக்கு ஃப்ரிட்ஜைத் தூக்கிட்டு ஊருக்கு வெளிய யாரு வருவா?" என்று கேட்டுவிட்டு இரவெல்லாம் புரண்டுகொண்டிருக்கிறார். எனக்கும் தூக்கமில்லை. யாரிடம் சொல்வது? அதான் உன்னிடம் சொல்கிறேன்.

அங்கே என்ன சாப்பிடுகிறாய்? சமைத்துச் சாப்பிடுகிறாயா, இல்லை வழக்கம்போல் ரொட்டியைக் கடித்துக்கொண்டு புத்தகமா?

வாலு


21 ஜூலை

வாலுவுக்கு,

உன் கடிதம் வந்த அன்றுதான் இங்கே எனக்கு ஒழுங்காகப் பசித்தது. உண்மையாகத்தான் சொல்கிறேன். மத்தியானம் சாப்பாட்டு மேசையில் வைத்துப் படித்தேன். என்னுடன் வேலை செய்யும் நர்ஸம்மா, "வீட்டிலேருந்தா?" என்று கேட்டார். "என் மரங்களிடமிருந்து" என்றேன். ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

மாப்பிள்ளைக்கு வேறு நல்ல இடம் கிடைக்கும், கவலைப்படாதே.

ஒரு விஷயம் சொல்ல மறந்துவிட்டேன். பனை ஜாதிக்கு ஒரே ஒரு குருத்துதான். மற்ற மரம் மாதிரி ஒரு கிளை போனால் இன்னொரு கிளை என்பதெல்லாம் கிடையாது. அந்தக் குருத்து உள்ளே அழுகிவிட்டால் அதோடு சரி. ஆனால் வெளியே ஒன்றும் தெரியாது. பழைய மட்டைகள் மாதக்கணக்கில் பச்சையாகவே நிற்கும். பார்க்கிறவர்கள் நன்றாகத்தானே இருக்கிறது என்பார்கள். அதனால் மழை விட்டதும் நீ ஒரு காரியம் செய். புதுப்பொண்ணு அருகில் ஸ்டூல் போட்டு ஏறி, நடுவில் ஈட்டி மாதிரி நிற்கும் விரியாத குருத்தைப் பிடித்து மெல்ல இழுத்துப் பார். அசையாமல் நின்றால் உயிர் இருக்கிறது. கையோடு வந்துவிட்டால் மரம் போய்விட்டது, மட்டைகளுக்கு இன்னும் சேதி போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான்.

இழுத்துப் பார்த்துவிட்டு எழுது. அதுவரை எனக்கு இருப்புக்கொள்ளாது.

உன் அக்கா


9 செப்டம்பர்

அன்புள்ள அக்கா,

பதில் தாமதமாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. வீட்டில் கொஞ்சம் வேலை.

நீ சொன்னபடி இழுத்துப் பார்த்தேன். ஸ்டூல் ஆடிற்று, நான் ஆடினேன், புதுப்பொண்ணு மட்டும் ஆடவில்லை. குருத்து இரும்பு மாதிரி நிற்கிறது. உனக்கு இருப்புக்கொள்ளட்டும்.

பெரியவர் போன வாரம் ஒரு மட்டையைக் கழற்றினார். தடாலென்று விழுந்த சத்தத்தில் எதிர்வீட்டு டீச்சர் ஓடி வந்து, "என்ன, உங்க வீட்டுக்காரர் ஏணியிலேருந்து விழுந்துட்டாரா?" என்றாள். "இல்ல டீச்சர், பெரியவர் சட்டையக் கழட்டிப் போட்டாரு" என்றேன். "உங்க குடும்பத்துல எல்லாருக்கும் பட்டப்பேரு, மரத்துக்குமா?" என்று சிரித்துக்கொண்டே போனாள். கூட்டுக்குடும்பத்தில் புதிதாக இரண்டு கன்று எட்டிப் பார்க்கிறது. குடித்தனத்துக்கு இடம் போதாது என்று இனி சண்டை வரும்.

நேற்று மத்தியானம் உன் அறையைப் பெருக்கித் துடைத்துவிட்டுக் கொஞ்சநேரம் உன் கட்டிலில் படுத்திருந்தேன். ஜன்னலில் ஓலை உரசுகிற சத்தம் மழை பெய்கிறது போலவே இருந்தது. அப்படியே கண்ணயர்ந்துவிட்டேன்.

பட்டறைக்கு ஒரு இடம் ஒருவழியாகக் கிடைத்துவிட்டது. இவர் இப்போது நன்றாகத் தூங்குகிறார்.

நீ நன்றாகச் சாப்பிடு.

வாலு


3 அக்டோபர்

என் செல்ல வாலுவுக்கு,

இந்தக் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று கேட்காதே. மழை பெய்கிறது போல ஓலை உரசும் சத்தம் என்று எழுதியிருந்தாயே, அந்த இடத்துக்கு வந்ததும் மறுபடி முதலிலிருந்து படிக்க ஆரம்பித்துவிடுவேன். எனக்கு மட்டும்தான் அந்தச் சத்தம் அப்படிக் கேட்கும் என்று நினைத்திருந்தேன். நர்ஸம்மாவுக்கும் மொழிபெயர்த்துச் சொன்னேன். "உன் தங்கை நல்லா எழுதறா" என்றார். "எழுதலை, பாக்கறா" என்று நான் சொன்னேன். எனக்கு அவ்வளவு பெருமை.

உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்? நான் இங்கே சந்தோஷமாக இல்லை. பெரிய குறை ஒன்றுமில்லை. குளிர் ஏறிக்கொண்டே வருகிறது, சாயங்காலமே இருட்டிவிடுகிறது, எல்லாரும் மரியாதையாக இருக்கிறார்கள், ஒருவரும் திட்டுவதுகூட இல்லை. ஒப்பந்தத்தை இன்னும் நீட்டிக்கிறீர்களா என்று மேலதிகாரி கேட்டார். மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். எனக்கு என் அறை இருக்கிறது, என் ஜன்னல் இருக்கிறது, நாலு பேர் காத்திருக்கிறார்கள். ஜூனில் வந்துவிடுவேன். வந்து அந்த ஜன்னலோரம் ஒரு வாரம் யாரோடும் பேசாமல் கிடக்கப்போகிறேன். நீ டீ மட்டும் கொண்டுவந்து வை.

ஒரு போட்டோ எடுத்து அனுப்பேன். நாலு பேரும் தெரிகிற மாதிரி. இந்த அறைச் சுவரில் ஒட்டிக்கொள்கிறேன். அங்கேயும் இனிப் பனி இறங்கும். இரவில் குளிர் கடிக்கிற நாட்களில் புதுப்பொண்ணுக்குக் குருத்தைச் சுற்றிப் பழைய பருத்தித் துணியைக் கட்டு. பிளாஸ்டிக் வேண்டாம், மூச்சு முட்டும்.

உன் அக்கா


5 டிசம்பர்

அன்புள்ள அக்கா,

போட்டோவைப் பற்றிக் கேட்டிருந்தாய். கேமரா ரிப்பேரில் கிடக்கிறது. ஊரார் ஃப்ரிட்ஜையெல்லாம் ஓட்டிக்காட்டுகிறவர் வீட்டில் கேமரா ஓடவில்லை, என்ன செய்ய? சரியானதும் எடுத்து அனுப்புகிறேன்.

குளிர் வந்துவிட்டது. உன் பழைய வெள்ளைப் புடவையைக் கிழித்துப் புதுப்பொண்ணுக்குத் தலைப்பாகை கட்டிவிட்டேன். "பொண்ணுக்குத் தலைப்பாகையா?" என்று இவர் கேலி செய்கிறார். காலையில் வெயில் வந்ததும் அவிழ்த்துவிடுகிறேன்.

உனக்கு ஒரு நல்ல சேதி. புது இலை விட்டிருக்கிறாள்! பச்சையாகத்தான் விரிந்தது; இந்த வாரம் நுனியிலிருந்து மெல்லச் சிவக்க ஆரம்பித்திருக்கிறாள். இன்னும் கொஞ்ச நாளில் முழுக்கச் சிவந்துவிடுவாள். நீ இல்லாமல் போனாயே என்றிருக்கிறது.

அக்கா, அந்த ஒப்பந்தத்தை இன்னொரு வருஷம் நீட்டித்தால்தான் என்ன? நல்ல வேலை, மரியாதையான இடம். இங்கே வந்து என்ன செய்யப்போகிறாய்? நான் சும்மா சொல்கிறேன். யோசித்துப் பார்.

வாலு


28 டிசம்பர்

வாலுவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. புது இலை விட்டது சந்தோஷம்.

இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. கிளம்புவதற்கு முன்னால் வந்த காற்றில் வக்கீல் சாய்ந்துவிடக்கூடாது என்று, கேட்டுத் தூணோடு சேர்த்து ஒரு நீல நைலான் கயிறு கட்டியிருந்தேன். இந்நேரம் அது தண்டில் இறுகியிருக்கும். அவிழ்த்துவிடு. தண்டில் காயம் பட்டிருந்தால் எழுது. பனைக்குக் காயம் பட்டால் ஆறாது, அப்படியே நிற்கும்.

வேறு விசேஷமில்லை.

அக்கா


20 ஜனவரி

அன்புள்ள அக்கா,

நல்லவேளை ஞாபகப்படுத்தினாய். கயிற்றை அவிழ்த்துவிட்டேன். முடிச்சு இறுகிப்போய்க் கையால் முடியவில்லை, இவருடைய கத்தியைக் கொண்டுவந்துதான் அறுத்தேன். தண்டில் லேசாகத் தடம் விழுந்திருக்கிறது, மோதிரத்தைக் கழற்றினால் விரலில் இருக்குமே, அந்த மாதிரி. காயம் என்று சொல்ல முடியாது. நீ கவலைப்படாதே. வக்கீல் இப்போது நிம்மதியாக மூச்சு விடுகிறார்.

போன கடிதம் ரொம்பச் சின்னதாக இருந்தது. உடம்புக்கு ஏதாவதா? குளிரில் வெளியே அலையாதே. என் மேல் ஏதாவது கோபமா?

வாலு


11 பிப்ரவரி

தங்கைக்கு,

நீலக் கயிறு கிடையாது. எந்த மரத்திலும் எந்தக் கயிறும் நான் கட்டியதில்லை.

இப்படி ஒரு பொய்யை எழுதிப் பெட்டியில் போட்டுவிட்டு, உன் பதில் வரும்வரை நான் பட்ட பாட்டை உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. "கயிறா? என்ன அக்கா உளர்றே, இங்க ஒண்ணும் இல்லையே" என்று நீ எழுதிவிடுவாய், நான் உன்னைச் சந்தேகப்பட்ட பாவத்துக்குத் தலையில் குட்டிக்கொள்வேன் என்று நினைத்தேன். அப்படித்தான் வரவேண்டும் என்று ஒவ்வொரு நாளும் வேண்டிக்கொண்டேன். நீயோ கத்தியைக் கொண்டுவந்து அறுத்தாய். மோதிரத் தடம் பார்த்தாய். குருத்தை இழுத்துப் பார்க்கச் சொன்னேனே, நான் இழுத்துப் பார்த்தேன். கையோடு வந்துவிட்டது.

எங்கே பிடிபட்டாய் என்றும் சொல்லிவிடுகிறேன். புதுப்பொண்ணு பச்சையாக விரிந்து சிவப்பதில்லை. சிவப்பாகத்தான் விரிவாள். ஒரு வாரம், பத்து நாள் அந்தச் சிவப்பு. அப்புறம் மெல்ல மெல்லப் பச்சையாகிவிடுவாள். "சிவந்துபோவாள்" என்று என் முதல் கடிதத்தில் எழுதியிருந்தேன். நீ அந்த வார்த்தையைப் பார்த்து, பச்சையாக இருந்து சிவப்பது என்று எடுத்துக்கொண்டாய். மரத்தைப் பார்த்து எழுதுகிறவளுக்கு என் வார்த்தை எதற்கு? அதைப் படித்த அன்று நான் மூன்று மருந்துச் சீட்டைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன், தப்பு எங்கேயோ என் கண்ணில்தான் இருக்கிறது என்று. பழைய கடிதங்களை எடுத்து வைத்துப் பார்த்தபோது தெரிந்தது. நீ எழுதியதெல்லாம் நான் எழுதியதுதான். நான் கேட்டதை எனக்கே கொஞ்சம் அலங்காரம் செய்து திருப்பி அனுப்பியிருக்கிறாய்.

மரங்கள் இல்லை என்பது எனக்குத் தெரிந்துவிட்டது. எப்போது, எதற்கு என்றுதான் தெரியவில்லை. காற்றில் விழுந்தது, பூச்சி அரித்தது என்று எழுதியிருந்தால் அழுதுவிட்டு இருந்திருப்பேன். வெட்டிவிட்டோம் என்று எழுதியிருந்தால்கூட உன்னோடு ஒரு வருஷம் பேசாமல் இருந்துவிட்டுப் பிறகு பேசியிருப்பேன். நமக்கு அது புதிதா? ஆனால் என் கட்டிலில் படுத்து ஓலைச் சத்தம் கேட்டேன் என்று ஏன் எழுதினாய்? அதை நான் கேட்கவே இல்லையே. அது நீயாகக் கொடுத்தது. இருட்டுகிற ஒவ்வொரு சாயங்காலமும் நான் அதை வைத்துக்கொண்டுதான் தூங்கினேன்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். சுற்றி வளைக்காமல் பதில் எழுது. என் அறையாவது இருக்கிறதா?

அக்கா


8 மார்ச்

அக்கா,

அறை இல்லை.

சுவரை எடுத்துவிட்டோம். பின்னறையும் தோட்டமும் சேர்ந்து இப்போது பட்டறை. மேலே தகரம், கீழே சிமெண்டுத் தரை. ஜன்னல் இருந்த இடத்தில் பழைய கம்ப்ரசர்களை அடுக்கியிருக்கிறோம். உன் புத்தகங்களும் துணிகளும் பெட்டியில் கட்டி என் கட்டிலுக்கு அடியில் பத்திரமாக இருக்கின்றன.

ஆகஸ்டில் வெட்டினோம். ஊரில் வேறு இடம் கிடைக்கவில்லை, இவர் சாப்பிடுவதையே நிறுத்திவிட்டார். ஒரு நாள் காலையில் குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது நான்தான் சொன்னேன், "இந்த இடம் போதுமா?" என்று. அவர் கேட்கவில்லை அக்கா. அவர்மேல் பழி போடாதே. "உங்க அக்காகிட்ட ஒரு வார்த்தை கேட்டுடு" என்றுகூடச் சொன்னார். நான் கேட்கவில்லை. கேட்டால் நீ வேண்டாம் என்பாய். நீ வேண்டாம் என்று சொன்ன பிறகு வெட்ட எனக்குத் தைரியம் வராது. அதனால்தான் கேட்கவில்லை.

வெட்டிச் சில நாள் கழித்து உண்மையை எழுதத்தான் உட்கார்ந்தேன். பக்கத்தில் உன் கடிதத்தை வைத்துக்கொண்டேன். "உன் கடிதம் வந்த அன்றுதான் பசித்தது" என்று எழுதியிருந்தாய். பேனா வேறு பக்கம் போய்விட்டது. ஒரே ஒரு கடிதம், உனக்கு அங்கே பழகும்வரை, என்று நினைத்தேன். அப்புறம் நீ செல்ல வாலு என்று எழுதினாய். அப்படி நீ என்னைக் கூப்பிட்டு எத்தனை வருஷம்! எழுத எழுத எனக்கே மரம் இருக்கிறது போலாகிவிட்டது. பட்டறைக்கு டீ கொண்டுபோகும்போது, பெரியவர் நின்ற இடத்துக்கு வந்தால் இன்னும் கொஞ்சம் ஒதுங்கித்தான் நடக்கிறேன், மட்டை விழுமோ என்று. சிரிப்பாயோ என்னவோ.

நான் செய்தது துரோகம்தான். வேறு பேர் அதற்கு இல்லை. ஆனால் நீயும் ஒன்று கேட்டுக்கொள். பட்டறை போகிறது, தூக்கமில்லை, யாரிடம் சொல்வது என்று உன்னிடம் எழுதினேன். வேறு நல்ல இடம் கிடைக்கும், கவலைப்படாதே என்று ஒரே வரி. அடுத்த வரியில் குருத்து. அன்று நான் அந்தக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு தோட்டத்தில் நின்றேன். நாலு பேருக்கு நலம் விசாரித்திருக்கிறாளே, ஐந்தாவதாக இங்கே ஒருத்தி நிற்கிறாளே என்று பட்டது. அதனால் வெட்டினேன் என்று சொல்லவில்லை. வெட்டும்போது அது மனசில் இருந்தது என்று சொல்கிறேன்.

இப்போது எழுதப்போவதை நீ நம்ப வேண்டும். புதுப்பொண்ணு சாகவில்லை. மற்ற மூன்று பேரையும் வெட்டியாகிவிட்டது. அவள் முறை வந்தபோது, "இவ வேணாம், நிறுத்துங்க" என்று கத்திவிட்டேன். எதிர்வீட்டு டீச்சர், "எங்க வாசல்ல வச்சுக்கறேன், குடுங்க" என்றாள். வேரோடு பெரிய மண்கட்டியாக எடுத்து, நாலு ஆள் பிடித்துத் தெருவைத் தாண்டிக் கொண்டுபோய் நட்டார்கள். இத்தனை மாதமும் அசையாமல் நின்றாள். செத்துவிட்டாள் என்றே நினைத்தேன், அதனால்தான் உனக்கு எழுதவில்லை. முந்தாநாள் காலையில் குருத்து விரிந்திருக்கிறது அக்கா. சிவப்பு. நீ சொன்னதுதான் சரி, சிவப்பாகத்தான் விரிகிறாள். வாசலில் நின்று நான் அழுததைப் பார்த்து டீச்சர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அதில் ஒரு கீற்றைக் கிள்ளி இதோடு வைத்திருக்கிறேன். இதை எழுதும்போது மேசைமேல் செக்கச்செவேலென்று கிடக்கிறது.

நீ வா. முன்னறையை உனக்குக் காலி செய்து தருகிறேன். அங்கிருந்து பார்த்தால் எதிர்வீட்டு வாசல் நேராகத் தெரியும். நீ வந்து என்னை நாலு அறை அறைந்தாலும் சரி, வா.

வாலு


2 ஏப்ரல்

வாலுவுக்கு,

உன் கடிதத்தை நேற்றுத்தான் பிரித்தேன். வந்து ஒரு வாரம் மேசைமேல் கிடந்தது. நர்ஸம்மா, "மரங்க என்ன சொல்லுது?" என்று கேட்டார். "ஒண்ணும் சொல்லலை" என்றேன்.

ஐந்தாவதாக ஒருத்தி நிற்கிறாள் என்று எழுதியிருந்தாய். நியாயம்தான். அதை அன்றே எழுதியிருக்கலாம். எனக்கு உறைத்திருக்கும், நான் அவ்வளவு கல் இல்லை. நீ அதை எழுதவில்லை, ஓலைச் சத்தத்தை எழுதினாய். அதுவும் எனக்குப் பிடித்துப்போயிற்று. இரண்டையும் நினைத்துப் பார்க்கிறேன், ஒன்றை வைத்து ஒன்றைக் கழிக்க முடியவில்லை.

மேலதிகாரியைப் பார்த்து, ஒப்பந்தத்தை நீட்டிக்கச் சம்மதம் என்று சொல்லிவிட்டேன். முன்னறையைக் காலி செய்ய வேண்டாம். மாப்பிள்ளையின் பட்டறை நன்றாக நடக்கட்டும். இதை மனசாரத்தான் எழுதுகிறேன். புத்தகங்கள் உன் கட்டிலுக்கு அடியிலேயே இருக்கட்டும். நம்புகிறேன் என்று எழுத வந்தேன், எழுதிப் பார்த்தால் அந்த வார்த்தை உட்காரவில்லை. அடித்திருக்கிறேன், மன்னித்துக்கொள்.

உறையைப் பிரித்தபோது உள்ளே கீற்று பழுப்பாக இருந்தது, தொட்டதும் நொறுங்கியது. அது உன் தவறு இல்லை. சிவந்த இலையோ பச்சை இலையோ, கிள்ளிவிட்டால் இத்தனை நாளில் எல்லாம் இந்த நிறம்தான். சிவப்பாகத்தான் விரிந்தது என்று எழுதியிருக்கிறாய். அதை உனக்கு நான்தான் சென்ற கடிதத்தில் சொன்னேன்.

சிவப்பாக இருந்திருக்கலாம். நாலு ஆள் பிடித்துத் தெருவைத் தாண்டியிருக்கலாம். டீச்சர் தண்ணீர் கொண்டுவந்திருக்கலாம். முன்பெல்லாம் நீ ஒன்றைச் சொன்னால் நான் அதைப் பார்த்துவிடுவேன். இப்போது நீ உண்மையையே சொன்னாலும், "இருக்கலாம்" என்பதற்கு மேல் என்னால் போக முடியவில்லை. நீ எடுத்துக்கொண்டது அதைத்தான், மண்ணை இல்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். இரவில் தூங்கு.

அக்கா

எதிர்வீட்டு வாசலில் அந்த மரம் இருக்குமானால், கோடை வருகிறது, அதற்கு மத்தியானத்தில் நிழல் வேண்டும்.